ஒப்பிதானீ: ஊர்மக்களைக் குறிக்கும் ஒரு லத்தீன் சொல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லத்தீன் படிக்கத் தொடங்கியவர்கள் சீசரின் போர்க்குறிப்புகளுக்குள் நுழைந்ததுமே எதிர்கொள்ளும் சொற்களில் ஒன்று ஒப்பிதானீ. இதன் வடிவங்களை மனப்பாடம் செய்துவிட்டு வாக்கியத்தில் பார்க்கும்போது தடுமாறுகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே. எல்லாம் தமிழ் எழுத்திலேயே இருக்கிறது. அது ஒரு குறையில்லை, சில இடங்களில் வசதியே. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஒப்பிதானீ என்றால் சரியாக யார்?

ஒப்பிதும் என்பது ஊர், பெரும்பாலும் மதிலோ மண்கரையோ சூழ்ந்த ஊர். அந்த ஊர்க்காரர் ஒருவர் ஒப்பிதானுஸ். பலராகச் சொன்னால் ஒப்பிதானீ. ரோம் நகரத்தில் வாழ்கிறவர்களை இந்தச் சொல்லால் குறிப்பதில்லை. ரோமானியருக்கு ‘ஊர்ப்ஸ்’ (நகரம்) என்று தனியே சொன்னாலே அது ரோம்தான். மற்ற ஊர்களுக்குத்தான் ஒப்பிதும்.

ஆனால் இதை அளவுகோல் வைத்துப் பிரித்த விதி என்று நினைக்க வேண்டாம். கால் நாட்டின் (இன்றைய பிரான்சும் அதை ஒட்டிய பகுதிகளும்) அவாரிகும் என்ற ஊரைச் சீசர் பல இடங்களில் ஒப்பிதும் என்கிறார். அதே ஊரை, ஏறக்குறைய கால் நாடு முழுவதிலும் மிக அழகான ‘ஊர்ப்ஸ்’ என்றும் குறிப்பிடுகிறார். பிரிட்டன்காரர்களைப் பற்றி எழுதும்போதோ, அடர்ந்த காட்டை மண்கரையும் அகழியும் வைத்து அரண் செய்துவிட்டால் அதையே அவர்கள் ஒப்பிதும் என்கிறார்கள் என்று ஐந்தாம் நூலில் சொல்கிறார். அரண்தான் இந்தச் சொல்லின் உயிர். இன்றைய தொல்லியலாளர்கள் ஐரோப்பாவின் இரும்புக்காலக் கடைசிக் கட்டத்தில் எழுந்த பெரிய அரண்சூழ் குடியிருப்புகளுக்கு இதே சொல்லை வைத்திருப்பதும் அதனால்தான். பிரான்சின் பிப்ராக்தே, ஜெர்மனியின் மான்கிங் இரண்டும் புகழ்பெற்ற ஒப்பிதும்கள். மான்கிங்கின் மதில் மட்டும் சுமார் 7 கிலோமீட்டர் நீளம்.

இதை எப்படி உச்சரிப்பது?

லத்தீனின் ‘த’ ஒலி பல்லில் நாக்கு படும் ஒலி. தமிழில் இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் தகரம் அதற்கு மிக அருகில் இருக்கிறது. ‘ஒப்பிடானுஸ்’ என்று டகரம் போட்டு எழுதுவது ஆங்கில வழியாக வந்த பழக்கம். ஒப்பிதானுஸ் என்று சொல்லுங்கள்.

அழுத்தம் எங்கே என்றால், கடைசிக்கு முந்தைய அசை நெடிலானால் அதன் மேல் விழும். ஆகவே ஒப்பிதானுஸில் ‘தா’ மேல். ஒப்பிதும் என்ற சொல்லில் அந்த இடத்தில் ‘பி’ குறில், அதனால் அழுத்தம் பின்னால் போய் ‘ஒப்’ மேல் விழுகிறது.

லத்தீன் பாடநூல்களில் நெடிலைக் காட்ட எழுத்தின் தலையில் கோடு போடுவார்கள். பழைய பதிப்புகள் அதையும் போடாது. தமிழ் எழுத்தில் குறிலும் நெடிலும் தானாகவே தெரிந்துவிடும். ஒப்பிதான என்பதும் ஒப்பிதானா என்பதும் நமக்குப் பார்த்தவுடனே வேறு வேறு. முன்னது பெண்பால் ஒருமை எழுவாய், பின்னது அதன் நீக்கப்பொருள் வடிவம் (ஆல், ஓடு, இருந்து போன்ற பொருள் தருவது). லத்தீன் எழுத்தில் கோடு இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

எல்லா வடிவங்களையும் ஒரே இடத்தில் தர முடியுமா?

ஆண்பால் வடிவங்கள் இவை. லத்தீன் இலக்கணத்தில் இது இரண்டாம் வாய்பாடு, அதாவது வேற்றுமை முடிவுகளின் இரண்டாவது வரிசை.

ஒருமை:
எழுவாய் – ஒப்பிதானுஸ் (ஊர்க்காரர்)
விளி – ஒப்பிதானெ (ஊர்க்காரரே)
ஐ – ஒப்பிதானும் (ஊர்க்காரரை)
உடைமை – ஒப்பிதானீ (ஊர்க்காரருடைய)
கு – ஒப்பிதானோ (ஊர்க்காரருக்கு)
நீக்கம் – ஒப்பிதானோ (ஊர்க்காரரால், ஊர்க்காரரோடு, ஊர்க்காரரிடமிருந்து)

பன்மை:
எழுவாய் – ஒப்பிதானீ (ஊரார்)
விளி – ஒப்பிதானீ (ஊராரே)
ஐ – ஒப்பிதானோஸ் (ஊராரை)
உடைமை – ஒப்பிதானோரும் (ஊராருடைய)
கு – ஒப்பிதானீஸ் (ஊராருக்கு)
நீக்கம் – ஒப்பிதானீஸ் (ஊராரால், ஊராரோடு, ஊராரிடமிருந்து)

ஒரு எச்சரிக்கை. ஒப்பிதானும், ஒப்பிதானோரும் இரண்டிலும் கடைசியில் வருவது நம்முடைய ‘உம்’ இல்லை. தமிழ்க் கண்ணுக்கு ‘அவரும்’ என்பதுபோல் தோன்றும். முதல் வாரத்தில் எல்லோருக்கும் தோன்றும், பிறகு பழகிவிடும்.

ஒருமையை வரிசைக்காகத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், போதும். இந்தச் சொல் உண்மையில் வாழ்வது பன்மையில். ஒரு தனி ஊர்க்காரரை ‘ஒப்பிதானெ’ என்று கூப்பிடும் வாக்கியத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் கூட்டமாக மதில்மேல் நிற்கும் ஊரார் சீசரிலும், சல்லுஸ்து, லீவி என்ற ரோமானிய வரலாற்றாசிரியர்களிலும் பக்கத்துக்குப் பக்கம் வருவார்கள்.

தமிழில் எட்டு வேற்றுமை, லத்தீனில் ஆறுதானா?

ஆமாம். எழுவாய், ஐ, கு, உடைமை, விளி ஆகிய ஐந்தும் நேருக்கு நேர் பொருந்தும். மிச்சமிருக்கும் நம்முடைய மூன்று வேற்றுமைகளின் (ஆல்/ஓடு, இன்/இருந்து, கண்/இல்) வேலையை லத்தீனில் நீக்க வேற்றுமை ஒன்றே பெரும்பாலும் சுமக்கிறது. அதனால்தான் அதற்கு முன்னால் சின்னச் சின்ன முன்னிடைச் சொற்கள் வந்து பொருளைப் பிரித்துக் காட்டுகின்றன. ‘கும் ஒப்பிதானீஸ்’ என்றால் ஊராரோடு. ‘அப் ஒப்பிதானீஸ்’ என்றால் ஊராரால், அல்லது ஊராரிடமிருந்து. ‘ப்ரோ ஒப்பிதானீஸ்’ என்றால் ஊராருக்காக.

இன்னொரு பெரிய வேறுபாடு உண்டு. தமிழில் பன்மைக்கு ஒரு விகுதி, வேற்றுமைக்கு ஒரு உருபு, இரண்டையும் கழற்றிக் காட்டலாம். மக்கள் + ஐ, மக்கள் + உக்கு. லத்தீனில் ‘ஓரும்’ என்பதில் எது பன்மை, எது உடைமை என்று பிரிக்க முடியாது. பால், எண், வேற்றுமை மூன்றும் ஒரே விகுதிக்குள் உருகிக் கிடக்கின்றன.

அந்தக் காலத்தில் இதே ஒப்பீட்டை மறுபக்கத்திலிருந்து செய்தவர்கள் இருந்தார்கள். தரங்கம்பாடியில் வாழ்ந்த சீகன்பால்க் தமிழ் இலக்கணத்தை லத்தீனில் எழுதினார். அது 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. வீரமாமுனிவரும் கொடுந்தமிழுக்கு லத்தீனில் இலக்கணம் எழுதினார். லத்தீன் வேற்றுமைகளைத் தமிழோடு ஒட்டிப் பார்ப்பது நாம் இன்று கண்டுபிடித்த வழியில்லை.

ஒப்பிதானீ என்ற வடிவம் மூன்று இடத்தில் வருகிறதே, எது என்று எப்படித் தெரியும்?

ஒருமை உடைமை, பன்மை எழுவாய், பன்மை விளி மூன்றும் ஒப்பிதானீதான். குழப்பம் பெரும்பாலும் முதல் இரண்டுக்குள் வரும். வினைச்சொல்லைப் பாருங்கள். வினை பன்மையில் முடிந்து, வேறு எழுவாய் இல்லையென்றால் ஊரார்தான் எழுவாய். பக்கத்தில் சொந்தக்காரரைத் தேடும் பெயர்ச்சொல் ஒன்று நின்றால் உடைமை. ‘தோமுஸ் ஒப்பிதானீ’ என்றால் ஊர்க்காரர் ஒருவரின் வீடு.

எழுவாய்க்குச் சீசரின் இரண்டாம் நூலிலிருந்து ஒரு நல்ல வாக்கியம் இருக்கிறது. கி.மு. 57. அதுவாதுக்கி என்ற இனத்தார் தங்கள் அரணூரில் முற்றுகையிடப்பட்டுச் சரணடைகிறார்கள். ஆயுதங்களை மதிலுக்கு வெளியே கொட்டுகிறார்கள், ஆனால் மூன்றில் ஒரு பங்கை உள்ளே மறைத்துவிடுகிறார்கள். அன்று மாலை கதவுகளைச் சாத்தச் சொல்லித் தன் வீரர்களை ஊரைவிட்டு வெளியேறச் சொல்கிறார் சீசர். காரணத்தையும் எழுதுகிறார்: ‘நே க்வம் நொக்தூ ஒப்பிதானீ ஆ மீலிதிபுஸ் இன்யூரியம் அக்கிபெரெந்த்’. இரவில் ஊரார் வீரர்களால் எந்தத் தீங்குக்கும் ஆளாகிவிடக் கூடாது என்று.

சொல் சொல்லாகப் பாருங்கள். ‘நே’ – கூடாது என்று. ‘நொக்தூ’ – இரவில். ‘ஆ மீலிதிபுஸ்’ – வீரர்களால். ‘க்வம்’ என்பதும் ‘இன்யூரியம்’ என்பதும் தள்ளித் தள்ளி நின்றாலும் ஒன்றுக்கொன்று சொந்தம்: எந்த ஒரு தீங்கையும். கடைசியில் நிற்கும் ‘அக்கிபெரெந்த்’ பன்மை வினை. அதன் எழுவாய் ஒப்பிதானீ. வினை கடைசியில் வருவது தமிழ் வாசகருக்கு இயல்பாகவே இருக்கும்.

அன்றிரவு மூன்றாம் சாமத்தில் அந்த ஊரார் மறைத்த ஆயுதங்களோடு பாய்ந்து வந்தார்கள். சுமார் 4,000 பேர் செத்தார்கள். மறுநாள் ஊரையே ஏலத்துக்கு விட்டார் சீசர். வாங்கிய வியாபாரிகள் கொடுத்த தலைக்கணக்கு 53,000. முந்தின நாள் வாக்கியத்தில் எழுவாயாக நின்றவர்கள் மறுநாள் கணக்கில் வெறும் ‘தலைகள்’. லத்தீனிலேயே அந்தச் சொல்தான் இருக்கிறது. இதைப் படித்த பிறகு ஒப்பிதானீ என்பதை வெறும் வாய்பாட்டுச் சொல்லாக என்னால் சொல்லிக்கொடுக்க முடிவதில்லை.

ஒப்பிதானோஸ் எப்போது வரும்?

ஊராரை யாரோ ஏதோ செய்யும்போது. சல்லுஸ்தின் யுகுர்தா போர் வரலாற்றில் கி.மு. 109இல் நடந்த ஸாமா முற்றுகையை எடுத்துக்கொள்ளுங்கள். ரோமானியத் தளபதி மெதெல்லுஸ் வருவதை அறிந்த யுகுர்தா மன்னன் முந்திக்கொண்டு அந்த ஊருக்கு விரைகிறான். ‘ஒப்பிதானோஸ் ஹொர்தாதுர் மொய்னிய தேஃபெந்தந்த்’. மதிலைக் காக்கும்படி ஊராருக்கு ஊக்கமூட்டுகிறான்.

தமிழில் ‘ஊராருக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் சொல்வது இயல்பு, லத்தீன் வினையோ இரண்டாம் வேற்றுமையைக் கேட்கிறது. வேற்றுமையை முடிவு செய்வது அந்தந்த மொழியின் வினைதான். அகராதியில் வினையைப் பார்க்கும்போதே அது எந்த வேற்றுமையைக் கேட்கும் என்பதையும் சேர்த்துப் படித்துவிடுங்கள். இன்னொன்று, ‘காக்கும்படி’ என்பதற்கு வழக்கமாக வரும் ‘ஊத்’ என்ற சொல்லைச் சல்லுஸ்து விட்டுவிட்டார். அவர் சுருக்கமாக எழுதுகிறவர்.

அதே ஸாமாவில் பிறகு வரும் காட்சியையும் விட மனமில்லை. வெளியே குதிரைப்படைச் சண்டை நடக்கிறது. மதிலைக் காத்துக்கொண்டிருந்தவர்கள், தங்கள் பக்கம் தாக்குதல் கொஞ்சம் ஓய்ந்ததும் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கத்துகிறார்கள், கைகாட்டுகிறார்கள், ஈட்டிக்குத் தப்புகிறவர்கள்போல உடம்பை அங்குமிங்கும் வளைக்கிறார்கள். இதைக் கவனித்த மெதெல்லுஸின் துணைத்தளபதி மாரியுஸ் வேண்டுமென்றே தாக்குதலைத் தளர்த்தி, அவர்கள் அதில் மூழ்கியிருக்கும்போது ஏணிகளைச் சாத்துகிறார். வீரர்கள் உச்சியைத் தொடப் போகும் நேரத்தில் ‘ஒப்பிதானீ கொன்குர்ருந்த்’, ஊரார் ஓடிவந்து கூடுகிறார்கள். கல், நெருப்பு என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொட்டுகிறார்கள். ஏணிகள் முறிகின்றன. மெதெல்லுஸ் கடைசிவரை அந்த ஊரைப் பிடிக்கவில்லை.

ஒப்பிதானீஸ் ‘ஊராருக்கு’ என்பதா, ‘ஊராரால்’ என்பதா?

இரண்டும்தான். முன்னால் அப், கும், ப்ரோ போன்ற சொல் நின்றால் நீக்கம். ஆட்கள் ஒரு செயலைச் செய்தார்கள் என்பதைச் செயப்பாட்டு வினையில் சொல்லும்போது, ‘அப்’ இல்லாமல் வெறும் நீக்க வடிவம் பொதுவாக வராது. ‘மதில் ஊராரால் காக்கப்படுகிறது’ என்றால் ‘அப் ஒப்பிதானீஸ்’தான். கல்லால், வாளால் என்று கருவிக்கு மட்டும் ‘அப்’ வேண்டாம்.

கொடு, கொண்டுவா, சொல் போன்ற வினைகள் பக்கத்தில் இருந்தால் நான்காம் வேற்றுமையாக எடுத்துக்கொள்ளுங்கள். சீசரின் நூலுக்கு எட்டாம் பகுதியை எழுதிச் சேர்த்தவர் அவருடைய அதிகாரி ஹிர்த்தியுஸ். கி.மு. 51இல் நடந்த உக்செல்லோதுனும் முற்றுகையை அவர் அதில் விவரிக்கிறார். ஊருக்கு இருந்தது ஒரே ஊற்று. ரோமானியர்கள் நிலத்தடியில் சுரங்கம் தோண்டி அந்த ஊற்றின் கண்களை வெட்டித் திருப்பிவிட்டார்கள். வற்றாத ஊற்று திடீரென்று வற்றியது. அது ‘அத்துலித் ஒப்பிதானீஸ் ஸலூதிஸ் தேஸ்பேராதியோனெம்’ என்கிறார்: ஊராருக்குப் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது. ‘அத்துலித்’ என்றால் கொண்டுவந்தது. யாருக்குக் கொண்டுவந்தது என்பதற்கு விடையாக நிற்கிறது ஒப்பிதானீஸ். இது மனிதர் வேலையில்லை, தெய்வங்களின் சித்தம் என்று நினைத்துச் சரணடைந்தார்கள். ஆயுதம் ஏந்தியவர்களின் கைகளைச் சீசர் வெட்டச் செய்தார்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. ‘ஒப்பிதானீஸ் பெர்தெர்ரிதீஸ்’ என்று ஒரு பெயரும் எச்சமும் நீக்க வேற்றுமையில் தனித்து நின்றால், ‘ஊரார் அரண்டுபோக’ என்று பொருள். நம்முடைய ‘மழை பெய்ய, குளம் நிறைந்தது’ என்பதில் ‘மழை பெய்ய’ செய்யும் வேலையை இது செய்கிறது. ஆங்கில வழியாகப் படிப்பவர்கள் இந்த அமைப்பில் வெகுநாள் திண்டாடுவார்கள். தமிழின் செய-எச்சத்தை மனதில் வைத்தால் ஒரே நாளில் பிடிபட்டுவிடும்.

ஒப்பிதானோரும்?

ஊராருடைய. ‘அக்ரீ ஒப்பிதானோரும்’ என்றால் ஊராரின் வயல்கள். வேறு எந்த வடிவத்தோடும் குழம்பாது.

பெண்களைச் சொல்ல வேறு வடிவமா?

பெண்கள் மட்டும் என்றால் ஒப்பிதானை என்ற பெண்பால் பன்மை. ஆணும் பெண்ணும் கலந்த கூட்டம் என்றால் ஆண்பாலான ஒப்பிதானீயே போதும். நம்முடைய ‘ஊரார்’ இருபாலுக்கும் பொது. லத்தீனில் பொது வடிவம் கிடையாது, ஆண்பாலே பொதுவாகவும் நிற்கும்.

அகராதியில் ஒப்பிதானீ என்று தேடினால் கிடைக்கவில்லையே?

ஒப்பிதானுஸ், -அ, -உம் என்ற பெயரடையின் கீழ் பாருங்கள். மூன்று பாலுக்கும் மூன்று முடிவுகளைத் தருவது பெயரடைப் பதிவின் அடையாளம். அடிப்படையில் இது ‘ஊருக்குரிய’ என்று பொருள்படும் பெயரடை, பிறகு தனியே நின்று பெயராகவும் ஆயிற்று.

பெயரடையாக வரும்போது கொஞ்சம் இளக்காரமும் ஒட்டிக்கொள்ளும். ரோமானியப் பேச்சாளர் சிசெரோ தன் புரூட்டுஸ் நூலில் கைபாசியுஸ் சகோதரர்கள் என்ற இரண்டு வழக்கறிஞர்களின் பேச்சை ‘ஒப்பிதானோ க்வோதம் எத் இன்கொந்திதோ கெனெரெ தீகெந்தீ’ என்கிறார். ஒருவிதச் சிற்றூர்த்தனமான, செப்பமில்லாத பேச்சுநடை என்று அர்த்தம். இங்கே ஒப்பிதானோ ஆளைக் குறிக்கவில்லை. ‘கெனெரெ’ என்ற மூன்றாம் பால் பெயருக்கு அடைமொழியாக அதன் வேற்றுமையிலேயே நிற்கிறது. இதைச் சொன்ன சிசெரோவும் ரோமில் பிறந்தவர் இல்லை, ஆர்பீனும் என்ற சிற்றூர்க்காரர்.

இதே விகுதியில் வேறு சொற்கள் உண்டா?

நிறைய. ‘ஆனுஸ்’ என்ற விகுதி இடப்பெயரோடு சேர்ந்து அந்த இடத்துக்காரரைத் தரும். ரோமாவிலிருந்து ரோமானுஸ், ஊர்ப்ஸிலிருந்து ஊர்பானுஸ், மலைக்காரர் மொந்தானுஸ், சிற்றூர்க்காரர் வீகானுஸ், கோட்டைக்காரர் கஸ்தெல்லானுஸ், நாட்டுப்புறத்தார் பாகானுஸ். ஒன்றின் வடிவங்களைக் கற்றால் எல்லாம் வந்துவிடும். பாகானுஸ் மட்டும் வெகுதூரம் பயணம் போன சொல். இடையில் படையில் சேராத குடிமகனைக் குறித்து, பிறகு கிறிஸ்தவர் அல்லாதவரைக் குறிக்கும் சொல்லாக ஐரோப்பிய மொழிகளில் நிலைத்தது.

கீவிஸ் வேறு சங்கதி. அது குடியுரிமை பெற்றவர் என்ற சட்டச் சொல், மூன்றாம் வாய்பாடு, பன்மை உடைமை கீவியும். இன்கொல என்பது ஓரிடத்தில் குடியிருப்பவர். முடிவைப் பார்த்தால் பெண்பால்போலத் தோன்றும், ஆனால் ஆண்பாலாகவும் நடக்கும்.

‘ஒப்பிதோ’ என்று வந்தால் ‘ஊருக்கு’ என்றுதானே பொருள்?

எப்போதும் இல்லை. பிளாவுத்துஸ், தெரென்தியுஸ் நாடகங்களில் ‘ஒப்பிதோ’ என்பது ‘ரொம்ப’, ‘முற்றிலும்’ என்ற பொருளில் வினையடையாக வரும். பெயரடைக்குப் பக்கத்தில் வந்து, ஊர் என்று பொருள் கொண்டால் வாக்கியம் ஓடவில்லை என்றால் இதை நினைத்துப் பாருங்கள். ‘ஒப்பிதாதிம்’ என்றால் ஊர் ஊராக. சின்ன ஊர் ஒப்பிதுலும். ஹொராத்தியுஸ் ரோமிலிருந்து பிருந்திசியும் போன பயணத்தைப் பாடும்போது ஒரு ஒப்பிதுலுமில் தங்குகிறார். அதன் பெயர் செய்யுளின் சீருக்குள் அடங்காதாம். அடையாளம் மட்டும் சொல்கிறார்: உலகிலேயே மலிவான பொருளான தண்ணீர் அங்கே காசுக்கு விற்கிறது, ஆனால் ரொட்டி பிரமாதம்.

தமிழில் மொழிபெயர்க்கும்போது எந்தச் சொல்லைப் போடுவது?

நான் ‘ஊரார்’ அல்லது ‘ஊர்மக்கள்’ என்றே போடுவேன். ‘நகரத்தார்’ சொல்லளவில் பொருந்தினாலும் தமிழ் வாசகர் மனதில் உடனே செட்டிநாட்டுச் சமூகம் வந்து நிற்கும். ‘குடிமக்கள்’ என்றால் அது கீவிஸ் பக்கம் போய்விடும்.

இந்தச் சொல் இன்று எங்காவது உயிரோடு இருக்கிறதா?

பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானிஷ் மொழிகளில் ஊரைக் குறிக்கும் அன்றாடச் சொற்கள் வில்ல, கீவிதாஸ் போன்ற வேறு லத்தீன் சொற்களிலிருந்து வந்தவை. ஒப்பிதும் அந்த வழியில் பிழைக்கவில்லை. இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளியில் மட்டும் அது அன்றாடப் பேச்சில் இருக்கிறது. 1440இல் ஆறாம் ஹென்றி நிறுவிய அந்தப் பள்ளியில் அரசர் உதவித்தொகை பெறும் மாணவர்கள் 70 பேர். மற்றவர்கள் ஒரு காலத்தில் ஊருக்குள் வாடகைக்குத் தங்கிப் படித்தார்கள். இன்றும் அந்த மற்றவர்களுக்கு ‘ஆப்பிடன்’ என்றே பெயர்.

வடிவங்களைப் பழக எதைப் படிக்கலாம்?

சீசரின் இரண்டாம் நூலில் 29 முதல் 33 வரை முதலில். அப்புறம் ஹிர்த்தியுஸின் எட்டாம் நூலில் 40 முதல் 44 வரை. கொஞ்சம் தைரியம் வந்ததும் சல்லுஸ்தின் யுகுர்தா போரில் 56 முதல் 61 வரை. ஊரார் எங்கெல்லாம் வருகிறார்களோ அங்கெல்லாம் பென்சிலால் கோடிட்டு, ஓரத்தில் வேற்றுமை எண்ணை 1, 2, 4, 6 என்று தமிழ் முறையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். நீக்கத்துக்கு மட்டும் 3, 5, 7 மூன்றில் எது என்று யோசித்து எழுதுங்கள்.